தேகப்பயிற்சிக் கருவிகளின் ஆக்கமும் விநியோகமும் காப்பும்

நம் மாணவர் பலர் அந்திப்பொழுதில் பயிற்சிச்சாலை புகுந்து, பளுக்கருவிகளைத் தூக்கியும் இறக்கியும் உடலை உரம்பெறச் செய்கின்றனர். தம் கையிலுள்ள இரும்பு எங்ஙனம் உருப்பெற்றது, எவ்வழி வந்தது, அதன் நுட்பத்தையும் பெயரையும் காப்பது யாது என வினவுவார் சிலரே. கஞ்சமலையின் இரும்புத்தாதை அறிந்த சேலம், நாமக்கல் நாட்டினராகிய நமக்கு இவ்வினா அயலதன்று. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பண்டு நம் நாட்டில் கர்லாக்கட்டையும் இளவட்டக்கல்லுமே பயிற்சிக் கருவிகளாயிருந்தன. அவற்றைச் செய்து விற்கும் கம்பெனியென ஒன்றில்லை. மேலைநாட்டில் 1902-ஆம் ஆண்டு ஆலன் கால்வெர்ட் என்பார் பிலடெல்பியா நகரில் மைலோ பார்பெல் கம்பெனியை நிறுவினார். மைலோ என்னும் கிரேக்க மல்லன் இளங்கன்றொன்றை நாடோறும் சுமந்து, அது எருதாய் வளர்ந்த பின்னும் சுமந்தான் என்பது பழங்கதை. எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுதலே பயிற்சியின் உயிர்நிலை என்பது அதன் கருத்து. அவ்வாறு எடையைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் கருவிகளையே அக்கம்பெனி விற்றது. நம் மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கி, இத்துறையைக் கல்வியாக்கினார்.

இனி, ஆக்கத்தைக் காண்போம். பளுத்தட்டு வார்ப்பிரும்பால் ஆவது. முதற்கண் தட்டின் மாதிரியைச் செய்து, மணலில் பதித்து அச்செடுப்பர். இரும்பு ஆறுங்கால் நூற்றுக்கு ஒரு பங்களவு சுருங்கும். ஆதலின் மாதிரியைச் சற்றுப் பெரிதாகவே செய்வர். உருகிய இரும்பை அச்சில் வார்த்து, ஆறியபின் பிசிறு நீக்கி, நடுத்துளையைக் கடைந்து, எடை பார்த்துத் திருத்துவர். தண்டோ எஃகாலாவது, வளைந்தும் மீண்டும் நிமிர வேண்டுவது. வியர்த்த கை வழுக்காவண்ணம் அதன்மேல் குறுக்கு வரிகளைப் பொறிப்பர். தட்டுச் சுழலும்போது தண்டும் உடன் சுழன்று மணிக்கட்டை முறுக்காவண்ணம் முனைகள் தனியே சுழலும். இத்தகைய தண்டை ஜெர்மனியின் காஸ்பர் பெர்க் என்பார் செய்தனர். அது 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பயன்பட்டது.

விநியோகத்தில் முதலிடையூறு பளுவே. பஞ்சினும் காகிதத்தினும் இலகுவன்று இச்சரக்கு. விலையில் ஒரு பகுதி கூலியாய்க் கரையும். ஆதலின் இரும்பும் பாதையும் ஒருங்கு வாய்த்த இடமே இத்தொழிற்கு ஏற்றது. காஷ்மீரம் தொடங்கிக் குமரிமுனை செல்லும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் ஊடறுத்துச் செல்கின்றது; கொச்சிச் சாலை சேலத்தினின்றே பிரிகின்றது. லாரிகளுக்குக் கூடு கட்டும் தொழிலில் நாமக்கல்லின் புகழ் நாடறிந்தது.

காப்பு மூவகைத்து. ஒன்று, துருவினின்று காத்தல்: தட்டிற்கு வர்ணமும் இரப்பரும், தண்டிற்குக் குரோமிய முலாமும் இடுவர். இரண்டாவது, பொய்யெடையினின்று காத்தல்: போட்டிகளில் ஆடவர் தண்டு 20 கிலோ, மகளிர் தண்டு 15 கிலோ என விதியுண்டு, தட்டுக்களில் 25 கிலோ செந்நிறம், 20 நீலம், 15 மஞ்சள், 10 பச்சை. எடை பொய்யாயின் வீரனின் உழைப்பு வீண். இருபுறமும் ஒவ்வாதாயின் முதுகெலும்புக்கே கேடு.

மூன்றாவது, போலியினின்று காத்தல். நம் தேசச் சட்டப்படி புதுக்கண்டுபிடிப்புக்குப் பேட்டண்ட் உரிமை 20 ஆண்டு. உருவமைப்புக்கு 10 ஆண்டு, பின்னும் 5 ஆண்டு நீட்டலாம். வர்த்தகச் சின்னத்தைப் பத்தாண்டுக்கொருமுறை புதுப்பித்து என்றும் வைத்துக்கொள்ளலாம். ஊர்ப்பெயரும் ஒரு செல்வமே. 2023-ஆம் ஆண்டு சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது.

உரிமை பெற்றுவிட்டால் மட்டும் போதுமோ? போதாதென்பதற்கு நம் நாட்டு இரும்போடு உறவுடைய ஒருவர் வரலாறே சான்று. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தராயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் சேலத்து இரும்புத்தாதை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830-ஆம் ஆண்டு ஆலை தொடங்கினர். பின்னர் இங்கிலாந்தில், எஃகை உருக்குங்கால் மாங்கனீசின் கார்புரெட்டைச் சேர்த்தால் எஃகு சிறக்குமெனக் கண்டு, 1839-ஆம் ஆண்டு பேட்டண்ட் பெற்றனர். ஷெப்பீல்டு நகரத்தார் அதனை வாங்கிச் சேர்க்காது, விலை மலிந்த மாங்கனீசு ஆக்ஸைடையும் கரிப்பொருளையும் மூசையில் இட்டுப் பயன் கொண்டனர். தம் உரிமைப்பத்திரத்தில் ஹீத் எழுதியது கார்புரெட் என்ற சொல்லையே. வழக்கு நெடுங்காலம் நடந்தது. அவர் வறுமையுற்று மறைந்தபின், 1855-ஆம் ஆண்டு பிரபுக்கள் சபையும் அவர்பக்கத்துக்கு எதிராகவே தீர்த்தது. எஃகு சிறந்தது, கண்டவர்க்குப் பயனில்லை.

இதனால் நாம் அறிவது யாது? நன்கு வார்த்தலும், நேர்மையாய் நிறுத்தலும், தக்கவாறு அனுப்புதலும் வேண்டும். தான் கண்டதனை முழுவதும் அடங்க எழுதும் சொல்வன்மையும் வேண்டும். நம் மாணவருள் நாளை பட்டறை வைப்பாரும் உளர். அவர் விஞ்ஞானச் சாலையில் கற்கும் பாடத்தோடு மொழிவகுப்பில் கற்கும் பாடத்தையும் மறவாதிருப்பாராக. ஒரு சொல்லின் குறைவால் ஓராயுளின் உழைப்பு பிறர்க்குரியதாகிவிடும்.