ஃபிரிட்ஜுக்குள் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர்

என் அப்பா இன்சுலின் போட்டுக்கொள்பவர். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் எங்கள் ஃபிரிட்ஜில் உள்ள திருகு 1, 2, 3 என்று எண்களைக் காட்டுமே தவிர, டிகிரியைக் காட்டாது. எனவே நானே ஒரு தெர்மாமீட்டர் அமைத்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம்.

தேவையானவை: வை-பை வசதியுள்ள நோட்எம்சியூ போர்டு, கேபிளுடன் வரும் வாட்டர்ப்ரூஃப் டிஎஸ்18பி20 சென்சார், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று (மஞ்சள், ஊதா, சிவப்புக் கோடுகள் இருக்கும்), பிரெட்போர்டு, சில வயர்கள்.

யு.எஸ்.பி. கேபிளைக் கழற்றிவிட்டு இணைப்பைத் தொடங்குங்கள். சென்சாரின் சிவப்பு வயரை 3வி3 பின்னிலும், கறுப்பை ஜிஎன்டி பின்னிலும், மஞ்சளை டி2 பின்னிலும் இணைக்கவும். சில சென்சார்களில் வயர் நிறம் மாறியிருக்கும், விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னர் ரெசிஸ்டரின் ஒரு முனையைச் சிவப்பு வயருடனும், மறு முனையை மஞ்சள் வயருடனும் சேர்க்கவும்.

அடுத்து கம்ப்யூட்டரில் ஆர்டுயினோ ஐடிஇ புரோகிராமை இன்ஸ்டால் செய்து, போர்ட்ஸ் மேனேஜரில் இஎஸ்பி8266 தொகுப்பைச் சேர்க்கவும். இதற்கான முகவரி அத்தொகுப்பின் கிட்ஹப் பக்கத்தில் கிடைக்கும். அதை முதலில் பிரிஃபரன்சஸ் பகுதியில் ஒட்ட வேண்டும். லைப்ரரி மேனேஜரில் டல்லாஸ் டெம்பரேச்சர், ஒன்வயர் இரண்டையும் இன்ஸ்டால் செய்திடவும். எக்ஸாம்பிள்ஸ் மெனுவில் டல்லாஸ் டெம்பரேச்சரின் 'சிம்பிள்' புரோகிராமைத் திறந்தால், மேலே ஒன்வயர் பஸ் என்ற வரியில் 2 என்று இருக்கும். அதை 4 என மாற்றுங்கள். போர்டில் டி2 என்று அச்சிட்டிருந்தாலும், சிப்பில் அந்தப் பின்னின் எண் 4. இனி அப்லோட் செய்து, சீரியல் மானிட்டரை 9600 வேகத்தில் திறக்கவும்.

முதல் முறை எனக்கு மைனஸ் 127 டிகிரி என்று வந்தது! சென்சார் பதில் தரவில்லை என்பதற்கான அடையாளம் அது. நான் ரெசிஸ்டரைப் போடாமல் விட்டிருந்தேன். இந்தச் சென்சாரால் மஞ்சள் வயரின் வோல்டேஜைக் கீழே இழுக்க மட்டுமே முடியும். மீண்டும் மேலே கொண்டுவருவது ரெசிஸ்டரின் வேலை. அதேபோல், 85 டிகிரி என்று வந்தால் சென்சார் இன்னும் அளக்கவில்லை என்று பொருள். மின்சாரம் கிடைத்ததும் அது காட்டும் ஆரம்ப எண் அது. எனவே திரையில் எண் வந்துவிட்டது என்பதற்காக அப்படியே நம்பிவிடாதீர்கள். முதலில் சென்சாரைக் கையில் பிடித்து, எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.

சரிபார்த்த பின், லேப்டாப்பை அருகில் வைத்துச் சென்சாரை மட்டும் ஃபிரிட்ஜுக்குள் விட்டேன். நடுத்தட்டின் முன்பக்கத்தில் 5 டிகிரி. பின்சுவரை ஒட்டிய இடத்தில் 1 டிகிரிக்கும் கீழே! அப்பாவின் இன்சுலின் இருந்தது அங்கேதான். அன்றே டாக்டரிடம் கேட்டுப் புதியது வாங்கி, நடுத்தட்டில் வைத்தோம்.

இந்த டிகிரியை வை-பை வழியாக மொபைல் போனில் பார்ப்பது எப்படி என்று அடுத்த இதழில் பார்க்கலாம்.