பாசம் என்று எழுதாதே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய பறவை நோட்டைப் படித்தேன். உங்கள் கொல்லையில் தவிட்டுக்குருவிகள் 'எல்லாம் சேர்ந்து குஞ்சுக்குப் பாசமாக இரை ஊட்டுகின்றன' என்று எழுதியிருக்கிறாய். 'பாசமாக' என்பதை மட்டும் அடித்துவிடு. அது நீ பார்த்ததல்ல, நினைத்தது.

மாமா கறாராகப் பேசுகிறேன் என்று நினைக்காதே, ஏன் என்று ஒரு கதையில் சொல்கிறேன். கலிபோர்னியாவின் கார்மல் பள்ளத்தாக்கில் ஹேஸ்டிங்ஸ் என்றொரு ஆய்வுக் காடு இருக்கிறது. அங்கே 1968 முதல் பல பத்தாண்டுகளாக ஏகார்ன் மரங்கொத்திகளைக் கவனித்திருக்கிறார்கள். ஏகார்ன் என்னும் ஓக் கொட்டைதான் அவற்றின் குளிர்காலச் சாப்பாடு. ஒரே மரத்தில் ஆயிரக்கணக்கில் துளை போட்டு, துளைக்கு ஒரு கொட்டையாகச் செருகி வைக்கும். கொட்டை காய்ந்து சுருங்கி ஆட ஆரம்பித்தால், பிடுங்கிச் சின்னத் துளைக்கு மாற்றும். நம் ஊர்க் குதிர் மாதிரி, தலைமுறை தாண்டி வரும் சொத்து. அதைக் காக்க ஆள் பலம் வேண்டாமா? அதனால் கூட்டுக்குடும்பம். அண்ணன் தம்பிகளாகச் சில ஆண்கள், அக்கா தங்கையாக ஒன்றிரண்டு பெண்கள், முந்தின வருடங்களில் பிறந்து அங்கேயே தங்கி, தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும் பிள்ளைகள்.

அக்காவும் தங்கையும் ஒரே பொந்தில்தான் முட்டையிடும். ஒருத்தி முதலில் இட்டுவிட்டால், இன்னும் இடாதவள் அந்த முட்டையை அலகில் கவ்வி வெளியே கொண்டுபோய், பக்கத்து மரத்தில் வைத்து உடைப்பாள். குடும்பமே கூடித் தின்னும். சில சமயம் முட்டையிட்டவளும் உட்கார்ந்து தின்பாள்! இருவரும் இட ஆரம்பித்த பிறகுதான் இது நிற்கும். எது யார் முட்டை என்று அப்புறம் தெரியாதல்லவா? பிறகு சேர்ந்தே அடைகாக்கும். வால்டர் கோனிக் உள்ளிட்ட மூவர் 1983-இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள்.

அவர்களால் எழுத முடிந்ததற்குக் காரணம், பறவைகளின் காலில் இருந்த வண்ண வளையங்கள். வளையம் இல்லையென்றால், 'எங்கிருந்தோ வந்த பறவை முட்டையைத் திருடியது' என்றுதான் நீயும் நானும் எழுதியிருப்போம்.

தவிட்டுக்குருவியும் கூட்டுக்குடும்பப் பறவைதான். ஆனால் பிடித்து வளையம் மாட்டும் வேலை உனக்கு வேண்டாம், அதற்கு அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். வால் இறகு ஒடிந்தது, நொண்டுவது என்று அடையாளம் தேடு. எந்தப் பறவை, எத்தனை மணிக்கு, வாயில் என்ன கொண்டுவந்தது, அவ்வளவு போதும். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார். கூட்டுக்குக் கிட்டே மட்டும் போகாதே. காக்கை உன்னை வைத்துக் கூட்டைக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்த கடிதத்தில் வால் ஒடிந்தவன் எத்தனை தடவை வந்தான் என்று எழுது.

அன்புடன்,
மாமா