கடல் காணாத கப்பல்கள்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் "கப்பல்கள்" இரண்டு நம் கோவை மாவட்டத்தில் இருந்தன என்று படித்தபோது, அச்சுப் பிழை என்றே எண்ணினேன்.

கரையில் அமைந்த நிலையங்களுக்கும் கப்பலுக்குப் போலவே பெயரிடுவது அக்கடற்படையின் வழக்கம். விமான நிலையமாயின் பெரும்பாலும் பறவைப் பெயர். பீளமேட்டு விமானத்தளம் 1942 அக்டோபரில் 'கருடா' ஆயிற்று. சூலூர் 1945 பிப்ரவரியில் 'வைரி', தாம்பரம் 'வல்லூறு'. வைரிக்குப் பகைவன் என்ற பொருளும் உண்டென்று பெயரிட்டவருக்கு எவரும் சொல்லவில்லை போலும்!

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. எனவே பழுதுபார்க்கும் பட்டறை கடற்கரையை விட்டு விலகியிருக்க வேண்டும். துறைமுகத்துடன் இரயில் தொடர்பும் வேண்டும். கொச்சிக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே பாதை இருந்தது. ஆலைகளாலும் வார்ப்படப் பட்டறைகளாலும் வளர்ந்த நம்மவர் கைத்திறனும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பாரகூடா போன்ற குண்டுவீச்சு விமானங்களைக் கொண்ட கீழைக் கடற்படைக்கு இப்பட்டறை பணிபுரிந்தது.

இதே 1942 ஆகஸ்டில்தான் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தினர் சூலூர் விமானத்தளத்தின் கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் தீ வைத்தனர். பலர் சிறை சென்றனர். அத்தீயைப் பற்றி மேடைதோறும் கேட்கிறோம். பீளமேட்டுப் பட்டறையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. என் கொள்ளுப்பாட்டனார் அங்கே தகடு அடித்தவர். அதை எங்கள் வீட்டில் தணிந்த குரலில்தான் சொல்வார்கள். ஊரார் சிறையிலிருக்க, வெள்ளைக்காரனிடம் கூலி வாங்கினார் என்பதே காரணம். அந்தக் கூலியில்தான் அவ்வாண்டுகளில் வீட்டில் அடுப்பெரிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; எரித்தவர்களையும் வணங்குகிறேன்.

1946 ஏப்ரல் முதல் நாள் இரு "கப்பல்களும்" கலைக்கப்பட்டன. பீளமேடு பயணிகளுக்காயிற்று, சூலூர் பின்னர் இந்திய விமானப்படையிடம் சென்றது. 1980களில் ஓடுதளத்தை நீட்டுவதற்காகப் பீளமேடு மூடப்பட்டபோது, 1987 வரை பயணிகள் சூலூரிலிருந்தே பறந்தனர். தீ வைக்கப்பட்ட அதே தளத்தில் நம்மவர் பெட்டியும் கையுமாக வரிசையில் நின்றனர். 'கருடா' என்ற பெயர் மட்டும் 1953இல் கொச்சியில் நம் கடற்படையின் விமானத்தளத்துக்குச் சூட்டப்பட்டு, இன்றும் அங்கே வழங்கிவருகிறது.