காலி வண்டி ஏன் குதிக்கிறது?

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. எந்த அளவு டயர், எந்த லிஃப்ட் கிட் என்ற முதல் இரண்டுக்கும் டயர் கடைக்காரரே உற்சாகமாகப் பதில் சொல்லிவிடுவார். மூன்றாவதை நீ போகிற போக்கில் எழுதியிருக்கிறாய்: "பின்பக்கம் ரொம்பக் குதிக்கிறது சார், லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தால் அடங்கிவிடும் என்கிறார்கள்." என்னை உட்கார்ந்து எழுத வைத்தது அந்த வரிதான். அப்படிச் சொன்னவர் யாராக இருந்தாலும் சரி, அவரிடம் வண்டிச் சாவியைக் கொடுத்துவிடாதே.

டயர் கதையை முதலில் முடித்துவிடுவோம். உன் இசுஸு வி-கிராஸ் பிக்கப்பில் இருப்பது 245/70 ஆர் 16. விட்டம் ஏறத்தாழ 749 மி.மீ. நண்பர்கள் சிபாரிசு செய்யும் 265/70 ஆர் 16 போட்டால் 777 மி.மீ. வித்தியாசம் 28 மி.மீ. என்று பூரித்துப் போகாதே. அச்சு உயர்வது அதில் பாதிதான், 14 மி.மீ. ஆனாலும் அந்த 14 மி.மீ. உண்மையான உயர்வு. பின் அச்சின் நடுவில் புடைத்துத் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை டயர் ஒன்றே தீர்மானிக்கிறது. லிஃப்ட் கிட் சேஸைத் தூக்கும், கேபினைத் தூக்கும், ஓட்டுபவரின் மீசையையும் கொஞ்சம் தூக்கும். அந்த உருண்டையை ஒரு மில்லிமீட்டர் கூடத் தூக்காது. நீ போகிற கொல்லிமலைத் தோட்டப் பாதையில் நடுவில் நிற்கும் கல் முதலில் தட்டப்போவது அதைத்தான். இரண்டு அங்குலம் லிஃப்ட் செய்துவிட்டு "கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடிவிட்டது" என்று சொல்லிக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

பெரிய டயருக்கு விலையும் உண்டு. விட்டம் 3.7 சதவீதம் கூடினால் ஒவ்வொரு கியரும் அதே அளவு உயர்ந்துவிட்டதாக அர்த்தம். மலை ஏறும்போது இழுவை குறையும். இறங்கும்போது, அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிரேக் பிடிப்பும் அதே விகிதத்தில் குறையும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் இறங்குகிறவன் இதைச் சின்னக் கணக்கு என்று தள்ள முடியாது. ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும். வண்டி 1,037 கிலோமீட்டர் ஓடியிருக்கும், மீட்டர் 1,000 என்று சொல்லும். "பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது" என்ற புலம்பலில் ஒரு பங்கு வெறும் வகுத்தல் பிழை. மீதி, கூடுதல் எடை.

ஐந்தாவது டயரை மறந்துவிடாதே. உன்னுடையது பகுதிநேர ஃபோர்-வீல் டிரைவ். ஒரு பக்கம் பழைய அளவு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஃபோர்-வீலில் காய்ந்த ரோட்டில் ஓட்டினால், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழலத் துடித்து, அந்த முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய்ச் சேரும்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரக்குறிப்பை மாற்றும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் சேர்த்தது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தயாரிப்பாளர் தந்த அளவுக்குள்ளேயே பெரியது வேண்டுமென்றால், இதே வண்டியின் மேல் வகைக்கு இசுஸுவே 255/60 ஆர் 18 கொடுத்திருக்கிறது; விட்டம் 763 மி.மீ. ஆனால் அதில் டயரின் பக்கச்சுவர் 171 மி.மீட்டரிலிருந்து 153 ஆகக் குறைகிறது. மலைப்பாதையில் அந்தப் பக்கச்சுவர்தான் உனக்குக் கிடைக்கும் முதல் ஸ்பிரிங். நான் வாங்குவதாக இருந்தால் இதே 245/70 ஆர் 16-ஐ ஆல்-டெரெயின் தடத்தில் வாங்குவேன், பாரம் தாங்கும் திறனைக் காட்டும் லோடு இண்டெக்ஸ் எண் பழையதற்குக் குறையாமல். டயர் விஷயம் அவ்வளவுதான்.

இப்போது குதிப்புக்கு வருகிறேன்.

சரக்கு ஏற்றும் வண்டியின் பின் ஸ்பிரிங் சரக்குக்காகச் செய்யப்பட்டது. நீ ஏற்றாதபோது அது வேலையில்லாமல் விறைத்து நிற்கிறது. எவ்வளவு விறைப்பு என்பதை ஒரே ஒரு எண் சொல்லிவிடும்: மேலிருக்கும் எடையால் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறது என்பது. அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் ஐந்தை வகுத்துப் பார். வருவது வண்டி ஒரு நொடியில் எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பது. 25 செ.மீ. அமுக்கம் என்றால் ஒரு முறை. நல்ல கார்கள் இதை ஒட்டித்தான் இருக்கும். 6 செ.மீ. என்றால் இரண்டு முறை. உன் முதுகு புகார் செய்வது இரண்டை நெருங்கும்போதுதான்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள். பின் ஸ்பிரிங்குகள் தாங்கும் எடை காலியில் 600 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை பத்தை அச்சுக்கு நேர் மேலே அடுக்குகிறாய். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்துப் பார்த்தால் 6 செ.மீ. இறங்கியிருக்கிறது. அப்படியானால் சென்டிமீட்டருக்கு 83 கிலோ. காலியில் அமுக்கம் 7.2 செ.மீ., ஆட்டம் நொடிக்கு 1.86. மூட்டையோடு 13.2 செ.மீ., ஆட்டம் 1.38. மிளகு மூட்டையோடு இறங்கும்போது வண்டி சாதுவாக இருப்பதும், காலியாக ஏறும்போது துள்ளுவதும் இதனால்தான். இதில் ஒரு பட்டையைச் சேர்த்தால் என்ன ஆகும்? அமுக்கம் இன்னும் குறையும், ஆட்டம் இரண்டைத் தாண்டும். தலைவலிக்காரனுக்குத் தலைப்பாகையை இறுக்கிக் கட்டுவது போன்ற வைத்தியம் அது. தினமும் முழுப் பாரம் ஏற்றி, பின்பக்கம் தொங்கிப்போகிற வண்டிக்கு மட்டுமே அது நியாயம். அதற்காகப் பட்டையைக் கழற்றிவிடலாமா என்று கிளம்பாதே. பாரம் தாங்கும் கணக்கு அதில் இருக்கிறது.

இந்த இடத்தில் மாரிஸ் ஆலியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் போக முடியாது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-இல் கேடிலாக்குக்குப் போன பொறியாளர் அவர். முன்னும் பின்னும் எடைகளை நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு காரைச் செய்து, அதில் ஆட்களை ஏற்றி, எது சுகமாக இருக்கிறது என்று கேட்டார். சுகத்தை அளக்கும் கருவி எதுவும் அவரிடம் இல்லை. மனித உடம்புதான் கருவி. அவர் கண்டது இது: முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மெதுவாக ஆட வேண்டும். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் தாமதமாக ஏறுகிறது. பின்புறம் சற்று வேகமாக ஆடினால் முன்புறத்தை எட்டிப் பிடித்துவிடும், தலையாட்டல் அடங்கி வண்டி சமமாக ஏறி இறங்கும். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளை வாகனப் பொறியாளர்களான மில்லிகன்கள் 2002-இல் தடித்த புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் மெதுவாகப் படித்த புத்தகங்களில் அது ஒன்று. சமன்பாடுகளைத் தாண்டிக்கொண்டு படித்தாலும் பலன் உண்டு. காலிப் பிக்கப்பில் ஆலியின் விதி மீறப்படவில்லை, எல்லை தாண்டிப் போகிறது: பின்புறம் 'சற்று' வேகமாக ஆடவில்லை, மிக வேகமாக ஆடுகிறது. முன்பக்கத்தை ஸ்பேசர் வைத்துத் தூக்கினால் இது சரியாகிவிடுமா? ஸ்பேசர் ஷாக் அப்சார்பரின் ஓட்டத்தை ஒரு மில்லிமீட்டர் கூட நீட்டாது. மேல் பால் ஜாயின்டையும் ஆக்சில் ஜாயின்டையும் கோணலாக்கும், ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வான காஸ்டரைக் குறைக்கும், நேர் ரோட்டில் ஸ்டியரிங் அலையும். மலிவு என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை இல்லை.

குறைந்த செலவில் செய்யக்கூடியது என்ன என்று கேட்பாய். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அட்டவணையைப் படி. காலிக்கும் பாரத்துக்கும் பின் டயருக்குத் தனித்தனி எண் கொடுத்திருந்தால் அதை மதி. பெட்ரோல் பங்க் பையன் எல்லா டயருக்கும் ஒரே எண்ணை அடிப்பதில் பாதிக் குதிப்பு வருகிறது. செலவு பூஜ்யம். அடுத்து ஷேக்கிள் புஷ்களைப் பார், பட்டைகளுக்கு நடுவே துரு கட்டியிருக்கிறதா என்று பார். துருப்பிடித்த பட்டைகள் சின்ன மேடுகளில் வளையவே மறுக்கும். அதற்கும் பிறகு கையில் பணம் மிச்சம் இருந்தால், பின் ஷாக் இரண்டையும் நல்லதாக மாற்று. ஆட்டத்தின் வேகத்தை ஷாக் மாற்றாது, ஆனால் இரண்டாவது துள்ளலுக்கு இடம் கொடுக்காது. பழைய செகண்ட்-ஹேண்ட் வண்டியில் பெரும்பாலும் செத்துப்போயிருப்பது அதுதான்.

எடை மேடையில் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு வாங்கு. அச்சு, சக்கரங்களின் எடையைக் கழித்துக்கொள். மூட்டை அடுக்கி, டேப் பிடித்து, இரண்டு அளவுகளையும் எனக்கு எழுது. அந்த எண்கள் வரும்வரை எந்தக் கடையிலும் முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்