கணக்கும் கைச்சாத்தும்

ஒரு தொழிலைக் கற்றல் வேறு; அத்தொழிலின் கணக்கைக் காத்தல் வேறு. கைப்பேசிச் செயலிகளைத் தாமே இயற்றி, கூகுள், ஆப்பிள் முதலியோர் நடத்தும் இணையக் கடைகளின் வாயிலாக உலகெங்கும் விற்கும் இளைஞர் இன்று நம்மிடையே உளர். நிரல் எழுதுவதில் அன்னார் காட்டும் கருத்து, வரிப் பாரங்களை நிரப்புவதிலும் வேண்டும். அஃது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்கரல்லாத தனியாள் ஒருவர் அந்நாட்டினின்று வருவாய் பெறுங்கால், பணம் செலுத்துவோர் அவரிடம் ‘டபிள்யூ-8 பென்’ என்னும் பாரத்தைக் கேட்பர். இது வரி கட்டும் பத்திரமன்று. தாம் எந்நாட்டவர், எங்கு வரிக்குட்பட்டவர் என்று கூறும் வாக்குமூலமேயாகும்.

அமெரிக்காவினின்று எழும் உரிமைத்தொகையில் அயல்நாட்டாரிடம் 30 விழுக்காடு பிடித்தல் அந்நாட்டுச் சட்டம். 1989-ல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவோ, பதிப்புரிமைக்குரிய தொகையில் அதனை 15 விழுக்காட்டிற்கு மேற்படாது வரையறுக்கின்றது. ஆயின் இச்சலுகை கேளாதார்க்குக் கிட்டுவதன்று. செயலியின் வருவாய் இவ்வினத்திற் சேருமாயின், 1,000 டாலரில் 300 டாலர் போவதும் 150 டாலர் போவதும் பாரத்தின் இரண்டாம் பகுதியைச் செவ்வனே நிரப்புவதைப் பொறுத்ததாம்.

தமிழர்க்குச் சிறப்பாக நேரும் இடர் ஒன்றுண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டெழுதுவது நம் வழக்கம். பான் அட்டையில் அப்பெயர் முழுதும் விரிந்து நிற்கும். வங்கிப் புத்தகத்திலோ ஓரெழுத்தாய்ச் சுருங்கும். இவை மாறுபடின் பணம் தடைப்படவுங் கூடும். ஆதலின் பான் அட்டை, வங்கி, கடைக்கணக்கு, பாரம் ஆகிய நான்கிலும் பெயர் ஒன்றாகவே இருக்கச் செய்க.

கைச்சாத்திட்ட ஆண்டினை அடுத்த மூன்றாம் ஆண்டின் இறுதிநாள் வரையே இப்பாரம் செல்லும். 2025 செப்டம்பரில் ஒப்பமிட்டது 2028 டிசம்பர் 31-ல் முடிவுறும். இடையே குடியிருக்கும் நாடு முதலிய நிலைமை மாறின், 30 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும்.

இனிக் கணக்கு எழுதும் முறையை நோக்குவோம். வங்கிக்கு வந்த தொகையை மட்டும் வரவென எழுதுதல் பெரும் பிழை. ஒருவன் செயலி 100 டாலருக்கு விலைபோக, கடைக்காரர் தரகு 15 டாலரும் அயல்நாட்டு வரி 10 டாலரும் கழித்து 75 டாலர் அனுப்பினர் என்று கொள்வோம். வரவு 100, தரகு செலவு, பிடித்த வரி தனிப்பத்தி. இந்தியாவில் வாழ்வோன் தன் உலக வருவாய் முழுதுக்கும் இங்கு வரிக்குட்பட்டவன்; அயல்நாட்டிற் செலுத்திய வரிக்குச் சட்டப்படி கழிவு கோரலாம். அதற்குச் சான்று வேண்டும். அமெரிக்கப் பிடித்தத்திற்குச் சான்றான ‘1042-எஸ்’ என்னும் சீட்டு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கைக் காட்டும். நம் நாட்டுக் கணக்காண்டோ ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். மாதந்தோறும் எழுதிவைத்தவனே இவ்விரண்டையும் பொருத்திக்காட்ட வல்லவன். ஆண்டிறுதியில் நினைவை நம்பியிருப்பவன், ஒரே வருவாய்க்கு இருமுறை வரி செலுத்த நேரினும் நேரும்.

இறுதியாக ஒன்று. பொய் கூறின் தண்டனைக்குட்படுவேன் என்னும் உறுதியோடு இடப்படுவதே அப்பாரத்தின் கைச்சாத்து. பிறர் நிரப்பித் தரினும் பொறுப்பு ஒப்பமிட்டவருடையதே. ஆகவே, படித்தறியாத பத்திரத்தில் பெயரெழுதற்க. எழுதியதன் படியைப் பேணாது விடற்க.