பாசறைக்குச் செல்லும் ஓலை

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில், மன்னார் வளைகுடாவின் அலைகள் வந்து மோதும் இடத்தில் வாலிநோக்கம் என்னும் ஊர் அமைந்துள்ளது. கடலாடி வட்டத்தைச் சார்ந்தது அவ்வூர். ஒருபுறம் கடலும் படகுகளும்; மற்றொருபுறம் பனைகளும் உப்பளங்களும். மழை குறைந்த அந்நிலத்தில் வயலை நம்பி வாழ்வார் சிலர். கடலையும் உப்பையும் நம்பி வாழ்வாரே பலர். 1974ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு உப்புக் கழகம் அங்கே உப்பளம் நடத்தி வருகிறது. கோடைக்காலத்தில் பாத்திகளில் விளைந்த உப்பை வாரிக் குவித்திருக்கும்போது அவ்வெண்ணிறம் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும்.

அங்கிருந்து ஏறத்தாழ நேர் வடக்கே, வான்வழியே அளந்தால் 2,700 கிலோமீட்டருக்கும் அப்பால், இலடாக்கு மலைநாடு உளது. அங்கும் கண்ணைக் கூசச் செய்யும் வெண்மை உண்டு. ஆனால் அது பனி. உப்புக்காற்றில் வளர்ந்த இளைஞன் ஒருவன் படையிற் சேர்ந்து அப்பனிமலைக்குச் செல்வானாயின், அவனுக்கு அவன் வீட்டார் எவ்வூர்ப் பெயரிட்டுக் கடிதம் எழுதுவர்? இவ்வினாவிற்கு விடை வியப்பைத் தருவதாகும். ஊர்ப்பெயரே எழுதுவதில்லை.

வீரனது பெயர், அவனது படை எண், பதவி, அவன் சார்ந்த படைப்பிரிவு, அவற்றின் கீழே ‘மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்னும் குறிப்பு, இவ்வளவே முகவரி. 56 என்பது தில்லியிலுள்ள நடுவண் படை அஞ்சலகத்தையும், 99 என்பது கொல்கத்தாவைச் சார்ந்ததையும் குறிக்கும். நம் நாட்டு அஞ்சல் குறியீட்டு எண் 1972ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இராமநாதபுரத்து ஊர்களின் எண் 623 எனத் தொடங்கும். அதுபோல ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஒரு தொடக்கம் உண்டு. ஒன்பது என்னும் எண் மட்டும் எம்மாநிலத்திற்கும் உரியதன்று. அது படை அஞ்சலுக்கென ஒதுக்கப்பெற்றது. ஆகவே உறையின்மேல் ஒன்பதைக் காணும் அஞ்சல்காரர் இது வீரனுக்குரியது என்று அறிவார். வீரன் எங்குளான் என்பதை அவரும் அறியார். கடிதம் நடுவண் படை அஞ்சலகத்தை அடைந்த பின்னரே, எப்படைப்பிரிவு எங்கே தங்கியுளது என்பதை அறிந்தோர் அதனைப் பிரித்தெடுத்து, உரிய களத்து அஞ்சலகத்திற்கு விடுப்பர். அங்கிருந்து வண்டியிலும், வண்டி செல்லாத இடத்திற்கு வானூர்தியிலும், அதுவும் எட்டாத இடத்திற்கு மனிதர் தோளிலும் அஃது ஏறிச் செல்லும்.

இவ்வேற்பாடு நேற்று இன்று தோன்றியதன்று. 1856ஆம் ஆண்டு பாரசீகத்தின்மேற் சென்ற படையோடு இந்தியக் களத்து அஞ்சலகமும் சென்றது. இன்றுள்ள படை அஞ்சல் பிரிவு 1972 மார்ச்சு முதல் நாளிலிருந்து தனிப்பிரிவாய் இயங்கி வருகிறது. அதிற் பணிபுரிவோருட் பெரும்பாலோர் பொது அஞ்சல் துறையிலிருந்து சென்றவர்கள். நேற்றுவரை ஒரு சிற்றூரில் அஞ்சல்தலை விற்றவர் இன்று சீருடை அணிந்து மலைமுகட்டில் அதே பணியைச் செய்தல் கூடும்.

முகவரியில் இடத்தை மறைப்பதன் காரணம் வெளிப்படை. படை எங்குளது என்று பகைவன் அறிந்தால் உயிர்கள் பல அழியும். ஆயினும் தாயின் நெஞ்சிற்கு இக்காரணம் எளிதில் நிறைவளிப்பதில்லை. ‘எங்கே இருக்கிறாய்?’ என்று அவள் வினவுவாள். ‘நலமாக இருக்கிறேன்’ என்று அவன் விடை எழுதுவான். வினா ஒன்று, விடை வேறொன்று. படைவீரனது கடிதத்தின் இயல்பு முழுவதும் இதனுள் அடங்கியிருக்கிறது. அஃது எதனைச் சொல்லுகிறதோ அதனாலன்றி, எதனைச் சொல்லாது விடுகிறதோ அதனாலும் ஆனது.

கடிதமே செல்லாத காலத்தில் இல்லத்திலிருந்தோர் என் செய்தனர்? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு இதனை நமக்குக் காட்டுகிறது. நப்பூதனார் பாடிய அப்பாட்டு 103 அடிகளே உடையது. வேந்தன் போர்மேற் சென்றுளான், கார்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை, செய்தியும் இல்லை. முதிய பெண்டிர் நெல்லும் முல்லைமலரும் கொண்டு ஊர்ப்புறம் சென்று, யாரேனும் பேசும் நற்சொல் செவியில் விழுமா என்று காத்து நிற்கின்றனர். இதற்கு விரிச்சி கேட்டல் என்று பெயர். அங்கே ஆயர்குலச் சிறுமி ஒருத்தி குளிரில் நடுங்கியவாறு, தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் இளங்கன்றைத் தேற்றுகின்றாள். உன் தாயர் இப்போது வந்துவிடுவர் என்பதே அவள் சொல்லின் கருத்து. கன்றுக்குச் சொன்ன அச்சொல்லையே தலைவனது வரவிற்குரிய செய்தியாக அவர்கள் கொண்டு வந்து தலைவிக்கு உரைக்கின்றனர். அவளோ முழுதும் ஆறினாள் அல்லள். பாசறையில் வேந்தனும் உறக்கமின்றி இருக்கின்றான். புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் எண்ணுகின்றான். இருவர் துயரமும் ஒரே இரவில் நிகழ்கிறது. ஒருவர் துயரம் மற்றவர்க்குத் தெரியாது. இதனினும் நுட்பமாகப் பிரிவைப் பாடிய புலவர் அரியர் என்றே கூறலாம்.

அதன்பின் பல நூற்றாண்டுகள் கழிந்தன. 1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டபோது இந்திய வீரர்கள் கடல் கடந்து சென்றனர். அப்போர் முடிவதற்குள் அவ்வாறு சென்றோர் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டவர். பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆவது காலாட்படை அவ்வாண்டு நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா நகரில் போரிட்டது. பிரான்சு நாட்டில் நின்ற வீரர்கள் எழுதிய கடிதங்களோ, பெரும்பாலும் வடநாட்டு மொழிகளில் அமைந்தவை, பூலோன் நகரில் எவலின் ஹோவெல் என்னும் அதிகாரியின் கீழ் இயங்கிய தணிக்கை அலுவலகத்திற் படிக்கப்பெற்றன. அங்கு ஆங்கிலத்தில் பெயர்க்கப்பெற்ற பகுதிகள் இன்றும் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் உள்ளன.

தம் கடிதம் பிறர் கண்பட்ட பின்னரே வீடு சேரும் என்பதை அவ்வீரர்கள் விரைவிலேயே உணர்ந்துகொண்டனர். ஆகவே சிலர் குறிப்பாற் பேசினர். இந்திய வீரர்களைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் செம்மிளகு என்றும் பெயரிட்டு, கருமிளகு பெரிதும் செலவழிந்துவிட்டது என்ற பொருள்பட எழுதினர். சமையலறைச் செய்திபோல் தோன்றும் அதனுள், இங்கே நம்மவர் மிகுதியாக மடிகின்றனர், ஊரிலுள்ளோர் படையிற் சேர வரவேண்டா என்னும் எச்சரிக்கை புதைந்திருந்தது. தணிக்கை செய்தோரும் மடமையர் அல்லர். அம்மிளகின் காரத்தை அவர்கள் அறிந்தே இருந்தனர்.

தணிக்கையாளர் கண் ஒன்று மட்டுமா இடையில் இருந்தது? எழுத்தறிவு அரிதாயிருந்த நாளில் கடிதம் எழுதுதலும் படித்தலும் பிறர் கையில் இருந்தன. கணவனது கடிதத்தை மனைவிக்கு அஞ்சல்காரரோ ஆசிரியரோ படித்துக் காட்டுவர். மறுமொழியைப் பள்ளியில் பயிலும் சிறுவன் எழுதித் தருவான். 1880ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தொடங்கிய மணியார்டரிலும் சிறு செய்தி எழுத அடிப்பகுதியில் இடம் உண்டு. திங்கள்தோறும் வீரன் அனுப்பும் பணத்தோடு அவ்விடத்தில் எழுதிய இரண்டு மூன்று வரிகளும் வரும்; அஞ்சல்காரர் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிக்க, தெருவே கேட்கும். அவ்வரிகளில் அன்பை வெளிப்படையாக எழுத எவருக்குத் துணிவு வரும்? ‘பசுவைப் பார்த்துக்கொள், வெயிலில் அலையாதே’ என்று எழுதுவான். மனைவி தனக்குரியதை அதனுள் தேடி எடுத்துக்கொள்வாள். அப்பழைய மணியார்டர் முறை 2015ஆம் ஆண்டோடு முடிந்து, மின்வழிப் பணவிடையாக மாறிவிட்டது.

வீட்டாரும் மறைத்தனர் என்பதை இங்குக் கூறாது விடுதல் முறையன்று. வீரன் தன் இடத்தை மறைப்பது விதியால்; வீட்டார் தம் துன்பத்தை மறைப்பது அன்பால். பாட்டி சொல்லச் சொல்லச் சிறுவன் எழுதுவான். தந்தைக்கு நெஞ்சுவலி கண்டது என்று அவன் எழுதத் தொடங்கினால், ‘அதை எழுதாதே, அடித்துவிடு’ என்பாள் அவள். ஊருணியில் நீர் வற்றியது எழுதலாம். கடன் பட்டது எழுதலாகாது. கன்று ஈன்றது எழுதலாம். தங்கையின் திருமணம் தட்டிப்போனது எழுதலாகாது. கோடையில் மீன்பிடித்தடை வந்து விசைப்படகுகள் கரையில் நிற்பதையும், பதநீர் இறங்குவதையும், உப்பு நன்கு விளைந்ததையும் எழுதுவர். இவை சிறு செய்திகள்தாமே என்று இகழ்தல் வேண்டா. பனியிடை இருப்பவனுக்கு வேண்டுவன இவையே. செய்தித்தாள் உலகச் செய்தியைத் தரும். தன் வீட்டுக் கொல்லையில் முருங்கை பூத்ததை அது தராது.

ஆயினும் தீய செய்தியை முற்றும் மறைத்தல் நன்றோ என்பது எளிதில் முடிவு காண இயலாத வினா. நீர்மூழ்கிக் கப்பலில் இவ்வினா மிகக் கடுமையாக எழுகிறது. திருநெல்வேலி மாவட்டம் விசயநாராயணத்தில் 1990ஆம் ஆண்டு முதல் கட்டபொம்மன் என்னும் பெயருடைய கடற்படை நிலையம் இயங்கி வருகிறது. அதிலிருந்து புறப்படும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் கடல்நீருள் சில மீட்டர் ஆழம்வரை ஊடுருவும். நீருள் மறைந்துள்ள கப்பல் கட்டளைகளைக் கேட்கும். ஆனால் அவ்வழியே மறுமொழி கூற இயலாது. பிரித்தானியக் கடற்படையில், அணுவிசையால் இயங்கும் நீர்மூழ்கிகளில் திங்கட்கணக்காக மறைந்து செல்லும் மாலுமிகளுக்கு வீட்டார் வாரம் ஒருமுறை சிறு செய்தி அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. தொடக்கத்தில் அதற்கு 40 சொல்லே அளவு. மறுமொழி இல்லை. தீய செய்தி அதில் இடம்பெறலாகாது. வீட்டில் ஓர் இறப்பு நேருமாயின் அதனைக் கடலிலேயே அறிய விரும்புகிறாயா, கரை சேர்ந்தபின் அறிய விரும்புகிறாயா என்று மாலுமியை முன்னரே கேட்டுவைப்பர். அறிந்தும் திரும்ப இயலாத இடத்தில் அறிவதால் ஆவதென்ன என்பார் சிலர். என் துயரை என்னிடமிருந்து மறைக்க நீவிர் யார் என்பார் சிலர். இரண்டிலும் நியாயம் உண்டு. அவனையே கேட்டுவைக்கும் அம்முறை, பாட்டி ‘அடித்துவிடு’ என்று சொன்னதினும் நேரியது என்று தோன்றுகிறது.

நம் ஊர்களில் தீய செய்திக்கு ஒரு தனி வடிவம் இருந்தது, அது தந்தி. தந்தி வந்தது என்றால், அதனைப் பிரிக்குமுன்னரே அழுகுரல் எழும். 2013 ஜூலையில் நம் நாட்டுத் தந்திப்பணி நின்றது. தந்தி போயிற்று, அச்செய்தி வருதல் போகவில்லை. 2020 ஜூன் 15ஆம் நாள் இரவு, இலடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினரோடு நேர்ந்த மோதலில் இந்திய வீரர் 20 பேர் உயிர் துறந்தனர். அவர்களுள் ஒருவர் 81ஆவது பீரங்கிப் படைப்பிரிவைச் சார்ந்த அவில்தார் கே. பழனி. இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானைப் பகுதியிலுள்ள கடுக்கலூர் அவர் பிறந்த ஊர். அவரது வீரத்திற்கு அவர் மறைந்தபின் வீரசக்கரம் வழங்கப்பெற்றது. அவ்வுயர்ந்த மலைமுனைகளில் இருப்போரிடமிருந்து சில நாள் பேச்சு வாராதபோது, அந்த அமைதி வெறும் தொடர்பின்மையா, வேறொன்றா என்று வீட்டார் அறிய வழியில்லை. காத்திருத்தல் ஒன்றே உண்டு. விரிச்சி கேட்ட முதுபெண்டிர் நிலைக்கும் இந்நிலைக்கும் வேற்றுமை மிகுதியன்று.

இப்போது நிலை பெரிதும் மாறி வருகிறது. 1984 ஏப்ரல் 13ஆம் நாள் சியாச்சின் பனியாற்றைக் காக்கச் சென்ற படைநடவடிக்கைக்கு ‘மேகதூது’ என்று பெயரிட்டனர். மனைவியைப் பிரிந்து தொலைவில் வாழும் இயக்கன் ஒருவன் மேகத்தைத் தூது விடுவதாகக் காளிதாசர் பாடிய நூலின் பெயர் அது. பெயரிட்டவர் எக்கருத்தொடு இட்டாரோ, அப்பனியாற்றில் நின்றவர்க்கு அப்பெயர் மிகப் பொருந்தியது. மேகம் சூழ்ந்தால் வானூர்தி வாராது, வானூர்தி வாராவிடின் கடிதமும் வாராது. அதே சியாச்சினில், 15,500 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், 2023 அக்டோபர் 6ஆம் நாள் பி.எஸ்.என்.எல். நிறுவனமும் படையினரும் சேர்ந்து கைப்பேசிக் கோபுரம் நிறுவினர். வாலிநோக்கத்துத் தாய் தன் மகனது முகத்தையே கைப்பேசியிற் காணும் காலம் வந்துவிட்டது.

ஆனால் முகத்தோடு அவன் பின்னுள்ள மலையும் தெரியுமன்றோ? ஒரு படத்தால் இடம் வெளிப்பட்டுவிடும். அதனால் 2020 ஜூலையில் இந்தியப் படைத்துறை, முகநூல் உள்ளிட்ட 89 செயலிகளைத் தம் கைப்பேசியிலிருந்து நீக்குமாறு வீரர்களுக்கு ஆணையிட்டது. அன்று உறையின்மேல் ஊர்ப்பெயர் எழுதலாகாது என்றனர். இன்று படத்தில் மலைமுகடு தெரியலாகாது என்கின்றனர்.

ஆகவே பேச்சு பழைய வழியிலேயே செல்கிறது. மழை பெய்ததா, ஊருணியில் நீர் நிற்கிறதா, கடலுக்குப் போனவர்கள் திரும்பினார்களா என்று அவன் கேட்பான். உண்டாயா, உறங்கினாயா என்று அவள் கேட்பாள். குளிர் எப்படி என்றால், ‘நம்மூர் மார்கழி போலத்தான் அம்மா’ என்பான். அவளும் அதனை நம்பியவள்போல், உப்பளத்தில் இவ்வாண்டு விளைச்சல் எவ்வாறிருந்தது என்று சொல்லத் தொடங்குவாள்.