புரதங்களின் விகாரம்

தமிழிலக்கணம் பயில்வார்க்கு விகாரம் மூன்றென்பது புதிதன்று. வாழைப்பழத்தில் ஓர் ஒற்றுத் தோன்றும். பொற்குடத்தில் னகரம் றகரமாய்த் திரியும். மரவேரில் மகரம் கெடும். இதற்கொப்பான நிகழ்ச்சி நம் உடலின் உயிரணுக்களிலும் உண்டென்று அறிந்து யாம் வியந்தோம். அங்குச் சொற்களின் இடத்தில் நிற்பன புரதங்கள்.

உயிரணுவினுள் டி.என்.ஏ. என்னும் நூலிழை ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் சுருண்டு கிடக்கின்றது. அது நாள்தோறும் பழுதுறுவது. நம் நாசரேத் வட்டாரத்துப் பனையேறியின் முதுகிலும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளியின் கழுத்திலும் படும் வெயிலின் புறஊதாக் கதிர், இழையின் அடுத்தடுத்த எழுத்துக்களை ஒட்டிவிடும். புகையிலைப் புகையும் கெடுக்கும். உயிரணுவின் சொந்த வேதிச் செயல்களுங்கூடக் கெடுக்கும். இவற்றினும் கொடியது இரண்டு இழைகளும் ஒருங்கே அறுவது. அறுந்தது தைக்கப்படாவிடின் அணு சாகும். பிழைபடத் தைக்கப்படின் புற்றுநோய்க்கு வித்தாகலாம்.

அறுந்த செய்தியை அறிவிப்பது யாது? டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் புரதங்களுள் எச்2ஏஎக்ஸ் என்பது ஒன்று. அறுந்த சில நிமிடங்களில் ஏ.டி.எம். என்னும் நொதி (பணம் வழங்கும் பொறியன்று!) அதன்மேல் ஒரு பாஸ்பேட்டைப் பொருத்துகின்றது. அக்குறியைக் கண்டு பழுது பார்க்கும் புரதங்கள் வந்து கூடுகின்றன. 1998-இல் அமெரிக்க ஆய்வாளர் இதனைக் கண்டனர். இது தோன்றல்.

கெடுதலும் உண்டு. பி53 என்னும் காவற் புரதத்தின்மேல் எம்டிஎம்2 என்பது யுபிக்விட்டின் என்னும் அடையாளத்தை ஓயாது ஏற்றுகின்றது; ஏற்றப்பெற்ற பி53 சிதைக்கப்படும். பழுது நேர்ந்தவுடன் பாஸ்பேட் குறிகள் அதனை அப்பிடியினின்று விடுவிக்கும். விடுபட்டது பெருகி அணுப்பிரிவை நிறுத்தும். பழுது மிகின் அணுவையே மாய்க்கும். மனிதர்க்கு வரும் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதியில் பி53 மரபணுவே பழுதுற்றிருக்கின்றது. திரிதலுக்கும் ஈடு தேடி உவமையை வருத்துதல் வேண்டா.

நிற்க. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற அசோக் வெங்கிடராமனும் உடனாய்வாளரும் 1998-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து, பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணு சிதைந்த அணுக்களில் குரோமோசோம்கள் தாமே உடைதலைக் காட்டினர். இரட்டை அறுவையைப் பிழையின்றித் தைக்க அம்மரபணு தரும் புரதம் வேண்டும் என்பது பின்னர் உறுதியாயிற்று.

இக்குறையைப் பெற்றோரிடமிருந்து அடைந்த மகளிர்க்கு மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் அச்சம் மிகுதி. ஆயினும் அவர்தம் ஏனை அணுக்களில் நல்ல படி ஒன்று எஞ்சியிருக்கும். புற்றுநோயணுவோ பெரும்பாலும் அதனையும் இழந்தது. இவ்வேறுபாடே மருந்துக்கு வழியாயிற்று. ஒற்றையிழை அறுந்தால் பார்ப் என்னும் நொதி, புரதங்களின்மேல் ஏ.டி.பி.-ரைபோஸ் சங்கிலியைத் தொடுத்துத் துணை அழைக்கும். தடுப்பு மருந்து அந்நொதியை இழையிலேயே சிக்கவைக்கின்றது. இழை படியெடுக்கப்படும்போது சிறு பழுது இரட்டை அறுவையாகின்றது. நல்லணு தைத்துக்கொள்ளும், புற்றுநோயணு தைக்கமாட்டாது சாகும். இதனை 2005-இல் இரு குழுவினர் வெளியிட்டனர். 2014-இல் ஓலாபரிப் என்னும் மருந்து சினைப்பைப் புற்றுநோய்க்கென அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இசைவு பெற்றது.

நோயும் வாளா இருப்பதன்று. சில புற்றுநோயணுக்களில் மற்றொரு பிழை நேர்ந்து முன்னைப் பிழையை நேராக்கிவிட, இழந்த தையல் மீளுகின்றது. வேறு சில, அச்சங்கிலியை அறுக்கும் பி.ஏ.ஆர்.ஜி. என்னும் நொதியைக் கைவிட்டு, மருந்திற்குத் தப்பிய சிறு சங்கிலிகளைக் கொண்டே துணையை அழைத்துக்கொள்கின்றன.